தெளிவாகக் கேட்டால் போதுமா?

ரோச் பூங்காவில் காலை நடை முடிந்ததும் நாங்கள் ஐந்தாறு ஓய்வூதியர்கள் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்காருவது வழக்கம். போன வாரம் அங்கே வானொலியைப் பற்றிப் பேச்சு வந்தது. பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், "இந்த மத்திய அலையை மொத்தமா மூடிட்டு எல்லாத்தையும் பண்பலைக்கு மாத்திட்டா என்ன நஷ்டம்? கரகரன்னு வர்றதை இப்போ எவன் கேக்கிறான்?" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் என் பக்கம் கையைக் காட்டி, "நம்ம பாண்டிச்சேரி சார் கேப்பாவ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது காபி குடிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் கோபம் தாமதமாகத்தான் வரும். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அப்படித்தான் வரும். பெஞ்சில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். நான் பொறியாளன் இல்லை. ஆனால் என் வீட்டு மேசையில் மூன்று வானொலிப் பெட்டிகள் இருக்கின்றன. மூன்றையும் தினமும் போட்டுக் கேட்கிறேன், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டும் பார்க்கிறேன். என் மனைவி இதை வேலை இல்லாதவன் வேலை என்பாள். இருக்கட்டும்.

மூத்தது, பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி இருந்த காலத்தில் என் தந்தையார் வாங்கிய வால்வு பெட்டி. அதன் கண்ணாடியில் பிரெஞ்சு எழுத்துகள்தான் இருக்கும். மத்திய அலைக்கு "பே-ஓ" என்று போட்டிருக்கும். அதாவது 'பெத்தித் ஓந்த்', சின்ன அலைகள். நெட்டலைக்கு ஒரு பட்டை உண்டு, அதற்கு "ழே-ஓ", பெரிய அலைகள் என்று பெயர். அந்தப் பெரிய அலையில் நம் நாட்டில் எந்த நிலையமும் கிடையாது. முள்ளை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நகர்த்தினால் வெறும் இரைச்சல்தான். ஆனாலும் அப்பா மாதம் ஒருமுறை அதையும் திருகிப் பார்ப்பார். பாரிசு கேட்காதா என்று ஒரு நப்பாசை. ரேடியோவை அவர் ஒருநாளும் ரேடியோ என்று சொன்னதில்லை, "போஸ்த்" என்பார். பிரெஞ்சில் படித்தவர்களுக்குத் தெரியும், காவல் நிலையத்துக்கும் அதே சொல்தான்.

இரண்டாவது, 1974-ல் நான் தூத்துக்குடிக்கு உத்தியோகத்துக்கு வந்த சில வருடங்களில் தவணையில் வாங்கிய மர்ஃபி டிரான்சிஸ்டர். மர உடம்பு, மேசையில் வைப்பது, பின்னால் நான்கு பெரிய செல் போடலாம். அப்போதெல்லாம் வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் வருடா வருடம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். பெட்டிக்கு 15 ரூபாய் வரை கட்டியிருக்கிறோம். காசு கட்டிக் கேட்ட தலைமுறை நாம். அதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, மகன் இரண்டு வருடம் முன்பு வாங்கிக் கொடுத்தது. ஏ.எம்., எஃப்.எம். இரண்டும் உண்டு. எண்களில் அலைவரிசை காட்டும். நிலையங்களைத் தானே தேடிச் சேமித்துக்கொள்ளும். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் திட்டப்போகிறேன்.

நியாயமாகவே ஒப்பிடுகிறேன். பண்பலையில் புதிய பெட்டிதான் முதலிடம். நாதசுரத்தை அதில் கேட்டால் சீவாளியின் ஈரம்கூடத் தெரிகிறது. அதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். அந்த ஒண்டுக்குடித்தனத்தில் குரலின் மேல்ஸ்தாயியை வெட்டித்தான் அனுப்ப முடியும். பண்பலையில் இடம் தாராளம், 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி வரும். தவிர, ஏ.எம்.-ல் ஒலிக்கேற்ப அலையின் உயரம் ஏறி இறங்கும். மின்னல் வெட்டினால் அதுவும் அந்த உயரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதுதான் கரகரப்பு. பண்பலையில் மாறுவது அலையின் அதிர்வெண். மின்னல் அதைத் தொடுவதில்லை. நம் நாட்டில் 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் முதன்முதலில் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. பாட்டுக்கு அதைவிட நல்லது இல்லை. இதில் நண்பரோடு எனக்குச் சண்டையே கிடையாது.

மத்திய அலைக்கு மாற்றினால் கதை தலைகீழ். புதிய பெட்டியில் திருநெல்வேலியே சளி பிடித்த மாதிரி வரும். அதே இடத்தில் மர்ஃபியை வைத்தால் சுத்தமாக வரும். ஏன் என்று பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்த்தேன். மர்ஃபிக்குள் என் ஒரு சாண் நீளத்துக்கு ஃபெரைட் கம்பி, அதன்மேல் சுற்றிய செம்புச் சுருள். ஏ.எம்.-க்கு அதுதான் ஏரியல். புதிய பெட்டிக்குள் என் சுண்டுவிரல் அளவுக்குக்கூட அது இல்லை. மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "ஏ.எம்.முன்னு எழுதணுமில்ல சார், அதுக்காக வெச்சிருக்கான்" என்றார்.

இதுதான் முதல் மோசடி. காது இல்லாத பெட்டியைச் செய்து விற்றுவிட்டு, மத்திய அலை கேட்கவில்லை என்று அலையின் மேல் பழி போடுவது. போதாததற்கு வீடு முழுக்க எல்.இ.டி. விளக்கு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர். இவை ஒவ்வொன்றும் கிளப்பும் ட்ர்ர்ர் என்ற இரைச்சல் மத்திய அலையில்தான் வந்து விழுகிறது. வீட்டுக்குள் நாமே சத்தம் போட்டுக்கொண்டு, வெளியிலிருந்து கூப்பிடுபவன் குரல் சரியில்லை என்கிறோம்.

சரி, கரகரப்பைச் சகித்துக்கொண்டு அதை ஏன் காப்பாற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெருக்கோடியில் இருந்த பெரியவரிடம் கிடைத்தது. நாட்டுப்படகு வைத்திருந்தவர். இப்போது இல்லை. பனிமயமாதா கோயில் திருவிழா சமயத்தில் ஒருமுறை என் வீட்டுத் திண்ணையில் மர்ஃபியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"சார், எஃப்.எம்.மு கரையோட நின்னுரும். நம்ம கூடக் கடலுக்குள்ள வாறது இது ஒண்ணுதான்."

அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் அவர் சொன்னது அசல் இயற்பியல். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 100 மீட்டர் உயரக் கோபுரம் கட்டினாலும் படகில் இருப்பவனுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் கணக்கு. அதற்கு மேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். மத்திய அலை தரையை ஒட்டி வளைந்து போகும். தரையைவிட உப்புக் கடலை அதற்கு ரொம்பப் பிடிக்கும். உப்புத் தண்ணீர் மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், அலை தேய்ந்து போகாமல் வெகுதூரம் ஓடும். பகலிலேயே நாம் இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனலைப் பக்கத்து வீட்டுக் குரல் மாதிரிக் கேட்டோமே, எப்படி? நடுவில் இருந்தது மன்னார் வளைகுடா. கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் நம் வீட்டு மனிதர்கள் ஆனது அவர்கள் குரல்வளத்தால் மட்டும் இல்லை. இந்த உப்புத் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு.

சில நாட்களில் இலங்கைப் பண்பலையும் இங்கே கேட்கிறதே என்று கேட்பீர்கள். கேட்கும். கடலுக்கு மேல் சூடும் ஈரமும் ஒரு பதத்தில் அமைந்தால் பண்பலையும் 200 கிலோமீட்டர் தாண்டி வரும். மறுநாள் வராது. அது விருந்தாளி. விருந்தாளியை நம்பி வீட்டுக்குக் காவல் போட முடியுமா?

நம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். அது நல்ல ஏற்பாடு, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை. கூண்டைப் பார்க்க முடியாத தூரத்தில் வலை போட்டிருப்பவனுக்கு, "தூத்துக்குடி துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று சொன்னது வானொலிதான். இன்னொன்றும் அந்தப் பெரியவர் சொன்னார். செய்தி வருவதற்கு முன்பே பெட்டியில் கரகரப்பு கூடினால் எங்கோ இடி இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்களாம். நாம் குறை என்று சொல்கிற கரகரப்பு அவர்களுக்குச் செய்தியாக இருந்திருக்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனைப் பக்கம் கடந்தபோது, பல நாள் தங்கலுக்குப் போன படகுகள் ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கடற்கரை ஊர்கள் ஆட்களை இழந்தன. வானொலி மட்டும் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. கரையிலிருந்து வெகுதூரம் எட்டக்கூடிய குரல் ஒன்று கையில் இருக்கும்போது, தெளிவு போதவில்லை என்று அதைத் தூக்கி எறிவது எந்த ஊர் நியாயம்?

கடல் விவகாரம், நமக்கென்ன என்று நினைக்கும் நகரவாசிகளுக்கு 2023 டிசம்பரை நினைவுபடுத்துகிறேன். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை தாண்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். முதலில் மின்சாரம் போனது, பிறகு கைபேசி போனது. என் மகளும் பேரனும் ஏரலில் இருந்தார்கள். ஏரலுக்குச் சாலை இல்லை, பேச்சு இல்லை, எதுவும் இல்லை.

மகன் வாங்கிக் கொடுத்த புதிய பெட்டியில் செல் போடும் இடமே கிடையாது. உள்ளேயே பேட்டரி, சார்ஜ் பண்ண வேண்டும். முதல் ராத்திரியே அடங்கிவிட்டது. அடங்கும் முன் பண்பலையைத் தேடினேன். ஓரிடத்தில் வெறும் இரைச்சல். இன்னோரிடத்தில் சினிமாப் பாட்டு, ஒன்று முடிந்து ஒன்று, நடுவில் மனிதக் குரலே இல்லை. அங்கே ஆள் வர முடியாமல் பதிவு செய்ததை ஓட விட்டிருப்பார்கள். அவர்களையும் குறை சொல்லமாட்டேன். தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி வாசிக்கவே நம் அரசாங்கம் அனுமதிப்பதில்லை. வானிலை, போக்குவரத்து, பேரிடர் அறிவிப்பு சொல்லலாம், ஆகாசவாணிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். செய்தி சொல்ல உரிமை இல்லாதவர்களிடம் ஊரை ஒப்படைத்துவிட்டு, செய்தி சொல்கிறவனை மூடலாம் என்கிறார்கள்.

அப்பாவின் போஸ்த்துக்கு மின்சாரம் வேண்டும், ஆகவே அதுவும் ஊமை. டார்ச்சுக்கு வைத்திருந்த நான்கு செல்லை மர்ஃபியில் போட்டேன். ஊரே இருட்டு. ஒரு விளக்கு இல்லை, ஒரு சார்ஜர் இல்லை, அதனால் இரைச்சலும் இல்லை. இத்தனை வருடத்தில் மத்திய அலையை அவ்வளவு துல்லியமாக நான் கேட்டதில்லை. 720-ல் சென்னை வந்தது, 500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து. மாநிலச் செய்தியில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போடுகிறார்கள் என்று சொன்னார்கள்.

அந்தச் செய்தி என் மகள் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லவில்லை. ஆனால் ஏரல் என்று ஓர் ஊர் இருப்பது அரசாங்கத்துக்குத் தெரியும் என்று சொன்னது. ஒன்றரை நாள் பட்டினியாக உட்கார்ந்திருந்த என் மனைவி அதைக் கேட்ட பிறகுதான் இரண்டு பிஸ்கெட் சாப்பிட்டாள். மகளின் குரலைக் கேட்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று. நலமாகத்தான் இருந்தார்கள்.

இப்போது மூடுகிறவர்களுக்கு வருகிறேன். பிரசார் பாரதி பல ஊர்களில் பழைய மத்திய அலை ஒலிபரப்பிகளை நிறுத்திவிட்டுப் பண்பலைக்கு மாறி வருகிறது. கேட்போர் குறைந்துவிட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இந்தக் காரணம் எப்படித் தயாராகும் என்று ஒரு குமாஸ்தாவிடம் கேளுங்கள். ஒரு சேவையை மூட வேண்டும் என்று மேலே முடிவாகிவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? முதலில் பழுதானால் சரிசெய்வதைத் தள்ளிப்போடுவோம். பிறகு நேரத்தைக் குறைப்போம். பிறகு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுப்போம். கடைசியில், "பயன்படுத்துவோர் இல்லை, கோப்பை முடிக்கலாம்" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புவோம். என் உத்தியோக காலத்தில் அப்படிச் சில குறிப்புகளை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதனால்தான் அந்த வாசனை எனக்கு எட்டத்திலேயே தெரிகிறது.

முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் நம் ஊரில் ஒரு முறை இருந்தது. குளிப்பை அறிவிக்கும் முன் அதிகாரிகள் முத்துப்பாருக்கே படகில் போய், ஆளை இறக்கி, சிப்பியை அள்ளி எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை போதாது என்றால் அந்த வருடம் குளிப்பு கிடையாது. 1961-க்குப் பிறகு குளிப்பே நின்றுபோனதும் சிப்பி இல்லாததால்தான். அதாவது, கடலைப் பற்றிய முடிவைக் கடலில் இறங்கி எடுத்தார்கள். மத்திய அலைக்குக் கேட்போர் இல்லை என்கிறவர்கள் எங்கே போய் எண்ணினார்கள்? நகரத்து வீடுகளில்தானே? எந்தப் படகில் ஏறினார்கள்? எந்த உப்பளத்து ஷெட்டுக்குப் போனார்கள்?

வெள்ளைக்காரன் நாட்டிலேயே மூடிவிட்டார்கள் என்று நண்பர் சொன்னார். நான் படித்த மொழிக்காரர்கள் செய்ததைக் கேளுங்கள். பிரான்சில் 2016 முடிவில் பிரான்ஸ் இன்டர் நிலையம் நெட்டலையில் நிகழ்ச்சிகளை நிறுத்தியது. ஆனால் அல்லூய் என்ற ஊரில் உள்ள அந்த ஒலிபரப்பியை அணைக்கவில்லை. ரயில் நிலையக் கடிகாரங்களும் விமான நிலையக் கடிகாரங்களும் அதிலிருந்து வரும் நேரக் குறியீட்டை நம்பி ஓடுகின்றன. ஆகவே அலை இன்னும் போகிறது, பேச்சு மட்டும் இல்லை. கடிகாரத்துக்கு அந்த அலை அவசியம், கிராமத்துக் கிழவிக்கு அவசியமில்லை என்று முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் 2023-ல் ஃபோர்டு கம்பெனி புது வண்டிகளில் ஏ.எம். வைப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தது. பேரிடர் அறிவிப்பு எப்படிப் போகும் என்று எதிர்ப்பு வந்ததும் மே மாதமே பின்வாங்கியது. பண்பலைப் பிரியர்கள் ரொம்பச் சிரிக்கவும் வேண்டாம். நார்வேயில் 2017-ல் தேசிய நிலையங்களின் பண்பலையையே மூடி டிஜிட்டலுக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உங்களுக்கு.

கைபேசி இருக்கிறது, படகுகளில் வி.எச்.எஃப். கருவி இருக்கிறது, செயற்கைக்கோள் கருவி வந்துவிட்டது என்பார்கள். எல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? பாம்பனில் 2016-ல் தொடங்கிய கடல் ஓசை, மீனவர்களுக்காகப் பண்பலையில்தான் நல்ல காரியம் செய்கிறது. ஆனால் கைபேசிக் கோபுரம் கரையோடு சரி. வி.எச்.எஃப்.-ம் நேர்கோட்டு ஜாதிதான். செயற்கைக்கோள் கருவி எல்லாப் படகிலும் இல்லை. ஒரே நேரத்தில் ஆயிரம் படகுக்கும் லட்சம் வீட்டுக்கும், ரீசார்ஜ் இல்லாமல், நெரிசல் இல்லாமல், நான்கு செல்லில் சேதி சொல்வது எது? நம் தூத்துக்குடியிலேயே இலங்கைக்காக 1053-ல் 200 கிலோவாட் ஒலிபரப்பி வைத்த அரசாங்கம் இது. கடலைத் தாண்டிப் பேச எது உதவும் என்று அதற்குத் தெரியாமல் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கடலோர மாவட்டங்களின் மத்திய அலையைக் கடலில் போய் எண்ணாமல் மூடாதீர்கள். பெட்டி செய்கிறவர்கள் ஒரு சாண் ஃபெரைட் கம்பியும் நான்கு செல் போட இடமும் வையுங்கள். வாசக அன்பர்கள் பரணில் கிடக்கும் பழைய பெட்டியை இன்று ராத்திரி இறக்கித் துடையுங்கள். ஒன்பது மணிக்கு மேல் மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, பெட்டியை மெதுவாகத் திசை திருப்பித் திருப்பி முள்ளை நகர்த்திப் பாருங்கள். எத்தனை ஊர் வருகிறது என்று எண்ணுங்கள். வீட்டில் திட்டினால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

நாளைக் காலை நான் மர்ஃபியைத் தூக்கிக்கொண்டுதான் ரோச் பூங்காவுக்குப் போகப்போகிறேன். நண்பரைக் கையோடு கூட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் தண்ணீர் ஓரமாக நிற்கப்போகிறேன். செல் என் செலவு. அவர் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் போதும்.